விண்ணப்பதாரர் நேரில் வரவும்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

நீங்கள் போன் செய்ததை எல்லாம் பார்த்தேன். எடுக்காதது கோபத்தில் இல்லை. கோபம் இருக்கிறது, அது வேறு கணக்கு. உங்கள் குரல் அப்படியே உங்கள் அண்ணன் குரல். அடுப்படியில் நின்றுகொண்டு உங்கள் அம்மாவே ஆள் மாற்றித் திட்டுவார் என்று இவர் சொல்லிச் சிரிப்பார். அந்தக் குரலில் "அண்ணி" என்று கூப்பிட்டால் என்னால் தாங்க முடியாது. அவர் என்னை அண்ணி என்று கூப்பிட்டதே இல்லையே, அதனால் இன்னும் மோசம். எழுதுங்கள். எழுத்து உங்களுடையதுதான், கோழி கிளறினது மாதிரி. அது எனக்குப் பரவாயில்லை.

இதோடு ஒரு தாள் வைத்திருக்கிறேன். நிலம் உங்கள் அப்பா இரண்டு பிள்ளைகளுக்கும் விட்டுப்போனது. அதில் வீடு கட்ட உங்களுக்கும் சம்மதம் என்று கையெழுத்து வேண்டுமாம். சம்மதம் இல்லை என்று அண்ணனிடம் நீங்கள் கத்தினது எனக்கு மறக்கவில்லை. "வித்துட்டு ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம், நீ கட்டிக் கிழிச்சது போதும்" என்றீர்கள். அதற்கப்புறம் அவர் உங்களோடு பேசவில்லை. நீங்களும் பேசவில்லை. இப்போது பேசலாம் என்றால் ஆள் இல்லை.

நான் நகராட்சி ஆபீசுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். வீட்டைக் கட்டிப் பார் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கட்ட அனுமதி வாங்கிப் பார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். தண்ணீர்க்காரர்கள் சாக்கடைக்காரர்கள் கையெழுத்து வந்துவிட்டதா என்கிறார்கள். சாக்கடைக்காரர்கள் தீயணைப்பைக் கேட்கிறார்கள். தீயணைப்பில் போனால் தண்ணீர் ஆபீஸ் தாள் எங்கே என்கிறார்கள். யாராவது ஒருவர் முதலில் போட்டால்தானே அம்மா மற்றவர் போட முடியும் என்று கேட்டேன். "அதைத்தான் நாங்களும் சொல்றோம்" என்றார்கள்.

கட்டட அனுமதி கவுன்டரில் ஒரு அம்மா இருக்கிறார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருப்பார். முதல் நாள் தாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "மனு உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு, அவர் வரலையா?" என்றார். வேலைக்குப் போயிருக்கார் என்றேன். யோசிக்கவே இல்லை, வாயில் வந்துவிட்டது. இத்தனை வருஷம் யார் கேட்டாலும் அதையே சொன்ன வாய்தானே.

இன்னும் திருத்தவில்லை.

தாளில் கடைசிப் பக்கம் கையெழுத்து. மசி படாமல் போடுங்கள்.

அண்ணி

பிப்ரவரி 14

அண்ணிக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். மசி பட்டுவிட்டது, ஓரத்தில்தான்.

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை. காலையில் கிரேன் மேலே ஏறினால் சாயங்காலம்தான் இறங்குகிறேன். மேலே கண்ணாடிக் கூண்டில் நான் ஒருவன். கீழேயிருந்து ரேடியோவில் ஒருவன் பேசுவான். தூக்கு என்பான், இறக்கு என்பான். நாள் முழுக்க என்னிடம் யாரும் பேசுவது அந்த இரண்டு சொல்தான். அதனால் நான் எழுதுவதும் அப்படித்தான் இருக்கும்.

அண்ணன் போய்விட்டதை ஆபீசில் சொல்லிவிடுங்கள். மறைக்கிற விஷயமா அது. பிறகு உங்களுக்குத்தான் தொல்லை.

அண்ணன் போன அன்றைக்கு வர விடுப்புக் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் கப்பல் வந்து நின்றிருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா?

தம்பி

பிப்ரவரி 27

தம்பிக்கு,

விடுப்புக் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

ஆபீசில் சொல்லத்தான் நினைத்தேன். அதற்கு முன்னால் பிளான் போட்டுக்கொடுத்தவரிடம் யோசனை கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "அம்மா, மனு போட்டவர் செத்தா மனுவும் செத்துச்சு. முதல்ல இருந்து புதுசாப் போடணும். இப்போ விதி மாறியாச்சு, தெருப் பக்கம் இன்னும் இடம் விடணும். ஆறு வீடு அஞ்சாயிடும். பழைய மனு உயிரோட இருக்கிற வரைக்கும்தான் ஆறு" என்றார். அப்புறம் கதவைத் திறந்துவிட்டு, "நீங்க ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேட்கலை" என்றார்.

ஆறு வீடு யார் யாருக்கு என்று உங்களுக்கு அண்ணன் சொன்னாரோ இல்லையோ. சொல்லவிட்டீர்களோ இல்லையோ. நாலு வீடு அவரோடு வேலை செய்த நாலு பேருக்கு. அடுத்தவன் வீட்டையே கட்டிக் கட்டி வாடகை வீட்டில் கிடக்கிறோம், ஒரு தடவை நம் வீட்டை நாமே கட்டுவோம் என்று கைகொடுத்துச் சொன்னார். மேஸ்திரி வாக்கு அது. நாலு பேரும் அவர் போன அன்றைக்கு வந்து என் முகத்தைப் பார்த்தார்கள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஐந்தாவது எங்களுக்கு. கடைசியில் இருக்கிற கோடி வீடு உங்களுக்கு. சண்டைக்கு முன்னால் போட்ட பிளான். சண்டைக்கு அப்புறம் அந்தக் கோடி வீட்டை அடித்துவிடலாமா, நடையை அகலமாக்கலாமே என்று பிளான்காரர் கேட்டார். "அவன் கோவக்காரன், ஆனா வருவான். இருக்கட்டும்" என்றார் இவர். நான் பக்கத்தில் நின்றேன்.

ஒரு வீடு குறைந்தால் நாலு பேரிடம் கைவைக்க முடியாது. ஒன்று எனக்கு இல்லை, அல்லது உங்களுக்கு இல்லை. அதனால்தான் சொல்லவில்லை.

சாப்பிடுகிறேன். ஒருத்திக்கு எவ்வளவு சமைப்பது என்றுதான் இன்னும் கை பழகவில்லை.

அண்ணி

மார்ச் 10

அண்ணிக்கு,

கோடி வீடு விஷயம் எனக்குத் தெரியாது.

சரி, சொல்ல வேண்டாம். ஆனால் பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். போன தடவை என்ன சொன்னீர்கள், அதற்கு முன் என்ன சொன்னீர்கள், ஞாபகம் இருக்கிறதா? ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள். வெளியூரில் பெரிய வேலை, பாலம் கட்டுகிறார்கள், மாதத்துக்கு ஒரு நாள்தான் வருவார் என்று வையுங்கள். பாலம் சீக்கிரம் முடியாது. எந்த ஊரிலும் முடிந்ததில்லை.

இங்கே காற்று பலமாக இருக்கிறது. காற்று அடித்தால் கிரேனை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தினால் இறங்கவும் விட மாட்டார்கள். மேலே சும்மா உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எனக்குச் சாந்து பூசக் கற்றுக்கொடுத்தது ஞாபகம் வந்தது. என் கை சரியில்லை என்று பூசினதைச் சுரண்டிச் சுரண்டித் திரும்பப் பூச வைப்பான். அந்தக் கோபத்தில்தான் நான் கட்டட வேலையே வேண்டாம் என்று ஊரைவிட்டு வந்தேன். யாரிடமும் சொன்னதில்லை.

தம்பி

ஏப்ரல் 2

தம்பிக்கு,

நீங்கள் எழுதியது தாமதமாக வந்தது. அதற்குள் நான் பல விதமாகச் சொல்லிவிட்டேன். ஒரு தடவை பல்வலி, ஒரு தடவை சித்தப்பா வீட்டுக் கல்யாணம், ஒரு தடவை இடுப்புப் பிடிப்பு. கண்ணாடி அம்மா பேனாவைக் கீழே போட்டுவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு அப்படி என்னங்க உலகத்துல இல்லாத வேலை? பொம்பளையை அலைய விட்டுட்டு வீட்ல காலை நீட்டிட்டு இருக்காரா? அவர் மட்டும் இங்க வரட்டும், நல்லா நாலு கேள்வி கேட்கிறேன்" என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அப்படித்தாங்க, சொன்னா கேட்க மாட்டார் என்றேன். பாலம் கட்டுகிறார் என்று அப்போதுதான் சொல்லியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

போன வாரம் இடத்தைப் பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். அன்று வருவார் என்று முன்கூட்டியே தெரிந்ததால், மூலையில் நான் இருக்கிற தகரக் கொட்டகைக்கு வெளியே கொடியில் உங்கள் அண்ணன் சட்டை ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டேன். செருப்பை வாசலில் வைத்தேன். ஆள் இருக்கிற வீடு மாதிரி இருக்கட்டும் என்று. இன்ஸ்பெக்டர் நல்ல பிள்ளை. டேப்பின் ஒரு நுனியை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி அளந்தார். அளவெல்லாம் சரி என்றார். மேஸ்திரியைப் பார்த்துவிட்டே போகிறேன் என்று செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். பைப் வாங்கப் போயிருக்கார், இப்போ வந்துடுவார் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன். அவர் காத்திருந்தார். அவர் தெருவைப் பார்க்கப் பார்க்க நானும் பார்த்தேன். தம்பி, பைத்தியக்காரத்தனம்தான். ஒரு சைக்கிள் திரும்பினபோது நான் எழுந்து நின்றுவிட்டேன்.

சாயங்காலம் வரை பார்த்துவிட்டு அவர் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஏப்ரல் 28ஆம் தேதி அதிகாரி முன்னால் விண்ணப்பதாரர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் அனுமதி கைக்கு வரும். நேரில் வரவும் என்பதற்கு அடியில் கோடு போட்டிருக்கிறார்.

உங்கள் அண்ணன் வாங்கிவைத்த சிமென்ட் மூட்டையில் ஈரம் இறங்கிவிட்டது. தொட்டுப் பார்த்தேன், மூட்டையோடு கல்லாகிவிட்டது. அவர் இருந்தால் என்னைத் திட்டியிருப்பார். கீழே பலகை போட்டு அடுக்கத் தெரியாதா, மேஸ்திரி பொண்டாட்டி என்று பேர் வேறு என்று.

என்ன செய்வது என்று எழுதுங்கள்.

அண்ணி

ஏப்ரல் 12

அண்ணிக்கு,

யோசித்துவிட்டேன். நான் வருகிறேன். அண்ணனாக வருகிறேன்.

மனுவில் இருக்கும் போட்டோ எனக்கும் பொருந்தும். இரண்டு பேரையும் நன்றாகத் தெரிந்தவர்களே மாற்றிக் கூப்பிடுவார்கள், அந்த அதிகாரிக்கு என்ன தெரியப்போகிறது. அண்ணன் கையெழுத்து எனக்கு வரும். பள்ளிக்கூடத்தில் என் ரிப்போர்ட் கார்டில் அப்பாவுக்குப் பதிலாக அவன்தான் போடுவான், அவன் இல்லாதபோது அவன் மாதிரி நான் போட்டுக்கொள்வேன். ஒரு கையெழுத்து. ஆறு வீடும் நிற்கும். உங்களுக்கும் வீடு, அவன் கொடுத்த வாக்கும் தப்பாது.

விடுப்புக் கேட்டேன். கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். 28 காலையில் நேரே ஆபீசுக்கு வந்துவிடுகிறேன்.

அவனுக்காக நான் இதுவரை ஒன்றும் செய்ததில்லை. இதையாவது செய்கிறேன்.

தம்பி

ஏப்ரல் 19

தம்பிக்கு,

கேட்டதும் கொடுத்துவிட்டார்களா. அப்போதும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

சொல்லிவிட்டேன், இனி அதைப் பேச மாட்டேன்.

வர வேண்டாம். மாட்டிக்கொள்வீர்கள் என்று பயந்து சொல்லவில்லை. மாட்ட மாட்டீர்கள். நீங்கள் அவராக எழுந்து நின்றால் அங்கே எல்லாரும் நம்புவார்கள். கண்ணாடி அம்மா நாலு கேள்வி கேட்பார், நீங்கள் அந்தக் குரலில் பதில் சொல்வீர்கள். நானும் நம்பிவிடுவேன். அதுதான் பயம். அப்புறம் வேலை முடிந்து ஆபீஸ் வாசலில் நீங்கள் பஸ் ஏறிப் போவீர்கள். ஒருவரை இரண்டு தடவை அனுப்பிவைக்க என்னால் ஆகாது.

உங்களிடம் மறைப்பானேன். வீட்டுக்காக மட்டும் நான் அங்கே நடக்கவில்லை. தாள் ஒன்றும் தேவையில்லாத நாளில்கூடப் போயிருக்கிறேன். தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்கள், இல்லையென்றால் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். அந்த ஆபீஸ் ஒன்றில்தான் என்னைப் பார்த்ததும், உங்க வீட்டுக்காரர் எங்கே, எப்போ வருவார் என்று கேட்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரும்.

28 அன்று என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. ஆனால் நீங்கள் வர வேண்டாம்.

அண்ணி

மே 6

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் என் சட்டைப்பையில்தான் இருந்தது. படித்துவிட்டுத்தான் வந்தேன். சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருப்போம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படியானால் மீசையை ஏன் அவன் மாதிரி வெட்டிக்கொண்டு வந்தேன் என்று கேட்காதீர்கள்.

படி ஏறி வந்தபோது நீங்கள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். எனக்கு அப்போதே திரும்பிப் போய்விட வேண்டும் போல இருந்தது. நீங்கள் நகர்ந்து இடம் விட்டீர்கள். அதனால் உட்கார்ந்தேன். மதியம் வரை ஒரே பெஞ்சில் இருந்தோம், நான் வாயைத் திறக்கவில்லை. என் குரல் உங்களுக்கு வேண்டாம் என்று.

அண்ணன் பெயரைக் கூப்பிட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசித்து எழுந்திருக்கவில்லை. சின்ன வயதில் அவனைக் கூப்பிட்டால் நான் ஓடுவேன், என்னைக் கூப்பிட்டால் அவன் வருவான். அந்தப் பழக்கம். பாதி எழுந்துவிட்டேன். நீங்கள் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தீர்கள், பட்டன் தெறித்தது. "உக்காருங்க தம்பி" என்றீர்கள். அந்த அறைக்கே கேட்கும்படி சொன்னீர்கள். தம்பி என்று.

அப்புறம் நீங்கள் மட்டும் உள்ளே போனீர்கள். கதவு சாத்திக்கொண்டது. நான் கொஞ்ச நேரம் இருந்தேன். முடியவில்லை, வந்துவிட்டேன். சொல்லிக்கொள்ளாமல் வந்தது தப்பு. அழுதுகொண்டு நிற்கிற ஆளாக அந்த முகத்தோடு உங்கள் எதிரே நிற்கக் கூடாது என்று தோன்றியது.

உள்ளே என்ன நடந்தது என்று எழுதுங்கள். ஒரு வீடு குறைகிறது என்றால் கோடி வீட்டை எடுத்துவிடுங்கள். நான் அதற்கு உரியவன் இல்லை. மீசையை எடுத்துவிட்டேன்.

தம்பி

மே 15

தம்பிக்கு,

நீங்கள் போனது நல்லதுதான். திரும்பி வந்தபோது பெஞ்சு காலியாக இருந்தது. ஒரு நிமிஷம் கஷ்டமாக இருந்தது, அப்புறம் மூச்சு வந்தது. உங்கள் பட்டனைப் பெஞ்சுக்கு அடியில் குனிந்து தேடினேன். வேறு யாருடைய பட்டனோதான் கிடைத்தது.

உள்ளே அதிகாரி தலையை நிமிர்த்தாமல், "கையெழுத்துப் போடுறவர் எங்கே?" என்றார். அவர் பக்கத்தில் நம் மனுக் கட்டை வைத்துக்கொண்டு கண்ணாடி அம்மா நின்றார். நான் சொன்னேன், "அவர் வர மாட்டாருங்க. போன மழைக்காலத்துல இறந்துட்டார்." இவ்வளவு நாளில் என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. எல்லாருக்கும் வேறு யாரோதான் சொன்னார்கள். சொல்லி முடித்ததும் காலுக்கடியில் ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அதிகாரி கோபப்படவில்லை. இறந்த தேதியைக் கேட்டார், சொன்னேன். மனு தேதியோடு பார்த்தார். கட்டின் மேல் குறுக்கே ஏதோ எழுதி மூடினார். பிளான்காரர் சொன்னதையேதான் சொன்னார். புது மனு, புது விதி, தெருப் பக்கம் கூடுதல் இடம், ஐந்து வீடு. இதற்குத்தான் இத்தனை நடை நடந்தேன்.

கண்ணாடி அம்மா என் பின்னாலேயே வராண்டாவுக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. "இத்தனை நாளா ஒரு செத்த மனுஷனையா திட்டிட்டு இருந்தேன்? என்னை இப்படிப் பாவத்துல தள்ளிட்டீங்களே" என்றார்.

"இல்லைங்க, நீங்க ஒருத்தங்கதான் அவரைத் திட்டினீங்க. மத்தவங்க எல்லாம் நல்லவரு நல்லவருன்னு சொல்லி முடிச்சு வச்சுட்டாங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார். அப்புறம் உள்ளே போய்ப் புது மனுத்தாள் எடுத்துவந்து, அங்கேயே நின்று ஒவ்வொரு இடமாக விரல் வைத்துக் காட்டினார். விண்ணப்பதாரர் என்ற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னார். "இனிமே வரலைன்னா உங்களைத்தான் திட்டுவேன்" என்றார். திட்டட்டும்.

நாலு பேரிடமும் நானே போய்ச் சொன்னேன். உங்கள் வீடு நாலும் அப்படியே இருக்கிறது, தாமதம் ஆகும், அவ்வளவுதான் என்று. மூத்தவர், "மேஸ்திரி வீடு போகுதாம்மா?" என்று கேட்டார். போகவில்லை என்றேன். இரண்டு நாள் கழித்து நாலு பேரும் வந்து, கல்லாகிப்போன சிமென்ட் மூட்டையை எல்லாம் உருட்டிக்கொண்டு போய் வாசலில் படி மாதிரி போட்டார்கள். மழையில் சேறு மிதிக்க வேண்டாமாம்.

கோடி வீட்டை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். அவர் இருக்கட்டும் என்றதை அடிக்க நான் யார். கீழே இடம் இல்லாததால் பிளான்காரரிடம் சொல்லி, அதற்குப் பதிலாக என்னுடைய ஐந்தாவது வீட்டுக்கு மேலே உங்களுக்கு ஒரு அறை போடச் சொல்லியிருக்கிறேன். படி வெளியே வரும். நீங்கள் வந்து போக என்னைத் தட்டி எழுப்ப வேண்டாம். ஜன்னல் பெரிதாக வையுங்கள், உயரத்திலேயே உட்கார்ந்து பழகின ஆள் என்றேன். மனுவில் இரண்டாவதாக உங்கள் பெயர் இருக்கிறது. உறவு என்ற இடத்தில் கணவரின் தம்பி என்று எழுதினேன். பூசுவதற்கு நீங்கள்தான் வர வேண்டும். சுரண்ட ஆள் இல்லை, இருந்தாலும் ஒழுங்காகப் பூசுங்கள்.

கொடியிலிருந்த சட்டையை எடுத்து மடித்து வைத்துவிட்டேன். செருப்பு இன்னும் வாசலில்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

இனிமேல் எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்யுங்கள், எடுப்பேன். எடுத்ததும் கொஞ்ச நேரம் என்னிடமிருந்து பேச்சு வராது. லைன் போய்விட்டது என்று வைத்துவிடாதீர்கள். நீங்கள் பாட்டுக்கு ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். ஒன்றும் தோன்றவில்லையென்றால் தூக்கு, இறக்கு என்றாவது சொல்லுங்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அண்ணி